போறணைச் சூடு யாருக்கு?

எங்கட வீட்டுப் பின்வளவில் விறகில் எரியும் ஒரு போறணை இருக்கிறது. பீட்சா சுடுவதற்காகக் கட்டியது. ரொறொன்ரோவுக்குக் கிழக்கே, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மரவேலி மட்டும் நிற்கிற புறநகர் அது. அப்படி ஒன்றைக் கட்டலாமா, வேலியிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்டவேண்டும் என்பதற்கெல்லாம் நகரசபைக்கு நகரசபை விதி உண்டு. அவற்றைப் படித்துக் கட்டினால் சட்டம் திருப்திப்பட்டுவிடும். நான் இங்கே கதைக்க வருவது விதிகள் கையை வைக்காத ஒரு கேள்வியைப் பற்றி. ஒருவர் தன் நிலத்தில், தன் காசில், தன் கையால் கட்டி மூட்டுகிற நெருப்பு எவ்வளவு தூரத்துக்கு அவருடையது?

முதலில் சொல். தமிழ்நாட்டு வாசகர்கள் பலருக்குப் போறணை என்ற சொல் புதிதாக இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் பாண் வேகிற பெரிய அடுப்புக்கு அதுதான் பெயர். 1619இலிருந்து 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்களில் ஒன்று. அலுமாரி, யன்னல், குசினி, பாண் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். அவர்களுடைய 'ஃபோர்னோ' எங்கள் வாயில் போறணை ஆனது. இத்தாலியருக்கும் அடுப்பு 'ஃபோர்னோ'தான். இரண்டும் இலத்தீனில் ஒரே தாய்க்குப் பிறந்தவை. ஆக, நேப்பிள்ஸ் பீட்சாக் கடையில் எரிவதும் எங்கள் ஊர் பேக்கரியில் எரிந்ததும் பெயரளவிலாவது ஒன்றுவிட்ட சகோதரங்கள்.

ஆனால் எங்கள் பேச்சில் அடுப்பும் போறணையும் ஒன்றல்ல. அடுப்பு குசினியில் இருப்பது. போறணை பேக்கரியில் இருப்பது. அடுப்பு ஒரு குடும்பத்தின் அளவு, போறணை ஊரின் அளவு. வீட்டுக்கொரு போறணை என்ற எண்ணமே ஊரில் எவருக்கும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. காசில்லாதது ஒரு காரணம். போறணையின் இயல்பு இன்னொரு காரணம். அந்த இயல்பை, கட்டிப் பார்த்தால்தான் சரியாக விளங்கிக்கொள்ளலாம்.

*

என்னுடையது களிமண் போறணை. இங்கே குளிர்காலத்தில் நிலம் நாலடி மட்டும் உறைந்து வீங்கும், ஆகவே அத்திவாரம் அதற்குக் கீழே போகவேண்டும். மேலே இடுப்பளவுக்கு ஒரு கட்டு. சூடு கீழே இறங்கி ஓடாமல் இருக்க வெறும் போத்தல்களை மணலுக்குள் அடுக்கி, அதன்மேல் தீக்கல் பதித்துத் தளம். தளத்தில் ஈரமணலைக் குவித்துக் கவிழ்த்த சட்டி மாதிரித் தட்டி, நனைத்த பத்திரிகைத்தாளால் மூடி, ஒரு பங்கு களிமண்ணும் இரண்டு மூன்று பங்கு மணலுமாகக் காலால் மிதித்துக் குழைத்த சேற்றை அதன்மேல் நாலு அங்குலத் தடிப்பில் அப்பவேண்டும். சேறு இறுகியபின் வாசலை வெட்டி உள்ளிருக்கும் மணலை வாரி எடுத்தால் ஒரு சின்னக் குகை. அதற்கு மேலே மரத்தூள் கலந்த களிமண்ணால் ஒரு போர்வை.

அளவுகளில் ஒன்றுதான் விட்டுக்கொடுக்காதது. உட்கூரை 16 அங்குல உயரம் என்றால் வாசல் 10 அங்குலம் இருக்கவேண்டும், ஏறக்குறைய 63 சதவீதம். கியூபெக் மாகாணத்துப் பழைய போறணைகளை அளந்தவர்கள் கண்ட விகிதம் இது. வாசல் இதைவிடத் தாழ்ந்தால் நெருப்புக்கு மூச்சு முட்டும்; உயர்ந்தால் சூடு வெளியே போய்விடும். புகைபோக்கி கிடையாது. ஒரே வாசலின் கீழ்ப்பக்கத்தால் காற்று உள்ளே போகும், மேல்பக்கத்தால் புகை வெளியே வரும்.

நெருப்பு மூட்டிக் கொஞ்ச நேரத்தில் கூரை கரி பிடித்துக் கறுத்துவிடும். ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் போக, சூடு ஏறி அந்தக் கரியே எரிந்துபோய்க் கூரை வெளுக்கும். அதுதான் அடையாளம். தணலை ஓரமாகத் தள்ளித் தளத்தைத் துடைத்து மாவைப் போட்டால் பீட்சா ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிடும். நேப்பிள்ஸ்காரர் தங்கள் பீட்சாவுக்குச் சொல்லும் கணக்கும் இதுதான்: தளத்தில் 380 முதல் 430 பாகை செல்சியஸ், 60 முதல் 90 விநாடி.

இப்போது கணக்கைப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஐந்து பேர். மாவை விரித்து, போட்டு, எடுத்து, அடுத்ததற்குத் தயாராக ஒரு பீட்சாவுக்கு நாலு நிமிடம் வைத்தாலும் இருபது நிமிடத்தில் எல்லோருக்கும் சாப்பாடு முடிந்தது. இருபது நிமிட வேலைக்கு இரண்டு மணித்தியால நெருப்பு, பன்னிரண்டு கிலோ மட்டில் விறகு. இந்த விறகில் பெரும்பங்கு பீட்சாவைச் சுடவில்லை, சேற்றைச் சுட்டது. சேறு ஒருமுறை சூடேறிவிட்டால் ஆறாவது பீட்சாவுக்கும் இருபதாவது பீட்சாவுக்கும் மேலதிகமாக இரண்டு கட்டை போதும். அடுத்த நாள் காலையில் கதவைத் திறந்தால் பாண் சுடும் சூடு அப்படியே நிற்கும். பிறகு கறிச்சட்டி வைக்கும் சூடு. பிறகு தயிர் உறையவைக்கும் சூடு. கடைசியில் அடுத்த முறைக்கான விறகைக் காயவைக்கும் சூடு.

அதாவது இந்தப் பொருள் தன் அமைப்பிலேயே ஒரு வீட்டுக்கு அதிகமானது. ஐந்து பேருக்கு மூட்டினாலும் ஐம்பது பேருக்கு மூட்டினாலும் முதல் இரண்டு மணித்தியாலம் ஒன்றுதான். புகையும் அந்த நேரத்தில்தான் அதிகம். இந்த மிச்சச் சூட்டை என்ன செய்வது என்பது முதலில் அடுப்புக் கணக்கு மாதிரித்தான் தெரியும். கொஞ்சம் யோசித்தால் அது அறக் கணக்காக மாறிவிடுகிறது.

*

பழைய காலத்தவர்கள் இந்தக் கணக்கை ஊராகச் சேர்ந்து தீர்த்தார்கள். தென்னித்தாலியில் மத்தேரா என்ற ஊரில் வீட்டில் மாப்பிசைந்து, பொதுப் போறணையில் கொடுத்துச் சுட்டு வாங்கினார்கள். எந்தப் பாண் எந்த வீட்டுடையது என்று தெரிய, வீட்டுக்காரரின் பெயரெழுத்துச் செதுக்கிய மர முத்திரையை மாவில் குத்திவிடுவார்கள். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை மூடிய ஹெர்குலேனியத்தில் கரியாகிக் கிடைத்த ஒரு பாணில்கூட முத்திரை இருக்கிறது. அதில் ஓர் அடிமையின் பெயரும் அவன் எசமானின் பெயரும்.

எங்களுக்கும் இது அந்நியமான வழக்கமில்லை. நத்தாருக்கோ பிறந்தநாளுக்கோ வீட்டில் கேக் அடித்தால் தட்டை பேக்கரிக்குத்தான் கொண்டுபோவோம். பாண் எடுத்து முடிந்து போறணை கொஞ்சம் தணிந்த நேரம் பார்த்து அவர்கள் உள்ளே தள்ளுவார்கள். தட்டுக்கு இவ்வளவு என்று ஒரு சின்னக் காசு. அம்மா எங்கள் தட்டின் விளிம்பில் சிவப்புத் துணிக்கிழிசல் ஒன்றைக் கட்டி அனுப்புவா. மத்தேராவின் மர முத்திரையைப் பற்றி முதன்முதல் வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தத் துணிக்கிழிசல்தான்.

இதை வைத்து 'அந்தக் காலத்தில் எல்லோரும் கூடி வாழ்ந்தார்கள்' என்று எழுதிவிடலாம். எழுதினால் அது பாதி உண்மை. மறுபாதி பிரெஞ்சுக் கிராமங்களில் இருக்கிறது. அங்கே நிலப்பிரபு ஒரு போறணை கட்டுவான். அவன் ஆட்சிக்குட்பட்டவர்கள் தங்கள் பாணை அதில்தான் சுடவேண்டும், அதற்குக் கட்டணமும் கொடுக்கவேண்டும். வீட்டில் போறணை வைத்துக்கொள்ள உரிமையில்லை. 'பனால்' போறணை என்று இதற்குப் பெயர். விறகு மிச்சம், தீ விபத்து குறைவு என்று அவனும் நியாயம் சொல்லியிருப்பான், அது பொய்யும் இல்லை. ஆனால் பொது என்ற பெயரில் நடந்தது கட்டாயம். 1789இல் தொடங்கிய புரட்சி ஒழித்த பிரபுத்துவ உரிமைகளில் இதுவும் ஒன்று. இன்றைக்கு 'பனால்' என்றால் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சுவையற்ற, சலித்துப்போன ஒன்று என்று பொருள். எல்லோருக்குமானது என்ற சொல், காலப்போக்கில் மதிப்பற்றது என்ற சொல்லாகிவிட்டது.

ஆகவே தன் வளவில் தனக்கென்று ஒரு போறணை வேண்டும் என்ற ஆசையைச் சும்மா சுயநலம் என்று தள்ளிவிட முடியாது. யாரிடமும் கையேந்தாமல், யாருக்கும் பங்கு கொடுக்காமல், தன் பாணைத் தான் சுடுகிற சுதந்திரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. என் கேள்வி அந்தச் சுதந்திரம் கிடைத்த பிறகு தொடங்குவது. யாரும் கட்டாயப்படுத்தாத இடத்தில், மிச்சச் சூட்டோடு நிற்கிறவன் என்ன செய்யவேண்டும்?

*

அதற்கு முன் இன்னொரு கேள்வியைத் தாண்டவேண்டும். இன்றைக்கு எதற்கு விறகு? எரிவாயுவில் இயங்கும் சிறிய பீட்சா அடுப்புகள் கடையில் கிடைக்கின்றன. அரைமணிக்குள் அதே சூட்டைத் தரும். ஒன்றரை நிமிடம் உள்ளே இருக்கிற மாவில் விறகின் வாசம் பெரிதாக ஏறுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் வித்தியாசம் கண்டுபிடிப்பேன் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். ருசியை வைத்து விறகை நியாயப்படுத்த முடியாது.

இந்த இடத்தில் அமெரிக்காவின் மொன்டானா பல்கலைக்கழகத்தில் கற்பித்த தத்துவ அறிஞர் ஆல்பர்ட் போர்க்மன் உதவிக்கு வருகிறார். தொழில்நுட்பத்தைப் பற்றி 1984இல் வெளிவந்த அவருடைய நூலில் விறகடுப்பும் மைய வெப்பமூட்டியும் முக்கியமான உதாரணங்கள். வெப்பமூட்டி சூட்டை மட்டும் தருகிறது. அது எங்கிருந்து எப்படி வருகிறது என்று வீட்டிலுள்ள எவரும் அறியத் தேவையில்லை. விறகடுப்பு அப்படியில்லை. ஒருவர் வெட்டவேண்டும், ஒருவர் சுமக்கவேண்டும், ஒருவர் மூட்டவேண்டும். வேலை குடும்பத்தைப் பிணைக்கிறது, அடுப்பு அவர்களை ஓரிடத்தில் கூட்டுகிறது. இப்படி நம் கவனத்தையும் உடலையும் கேட்கிற பொருட்களை இழந்து வெறும் பயனை மட்டும் பெற்றுக்கொள்கிறோம் என்பது அவருடைய கவலை.

எங்கள் போறணைக்கு இது பொருந்தும். சேறு மிதித்த மூன்று நாளும் பிள்ளைகள் தொலைபேசியைத் தொடவில்லை. நெருப்பு மூட்டிய மாலைகளில் இரண்டு மணித்தியாலம் காத்திருக்கவேண்டியிருப்பதால் கதை வருகிறது. வேறு எந்தச் சாப்பாட்டுக்கும் எங்கள் வீட்டில் அவ்வளவு கதை வந்ததில்லை.

ஆனால் போர்க்மனை வாசிக்கும்போது குசினிக்குள்ளிருந்து ஓர் இருமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அம்மா எங்களோடுதான் இருக்கிறா. முப்பது வருடத்துக்கு மேல் ஊரில் விறகில் சமைத்தவ. தென்னம்பாளை, மட்டை, ஊமல், கிடைத்ததெல்லாம் எரித்தவ. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெய் யானைவிலை; ஈர விறகோடும் ஊதுகுழலோடும் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருந்த காலம். சிகரெட்டைக் கையால் தொடாத அவவின் சுவாசப்பையை இங்கே படம் பிடித்த வைத்தியர் முதலில் கேட்டது, எத்தனை வருடம் புகைத்தீர்கள் என்று.

அந்த அடுப்பும் எங்களைக் கூட்டியதுதான். மழைநாளில் அதைச் சுற்றித்தான் இருந்தோம். ஆனால் கூடியவர்கள் நாங்கள், புகையைக் குடித்தது அவ. போர்க்மனின் அழகான படத்தில் வேலை எல்லோருக்கும் பங்கிடப்பட்டிருக்கிறது. எங்கள் குசினியில் அந்தப் பங்கீடு நடக்கவில்லை. வீட்டுக்குள் எரிபொருள் எரிவதால் உண்டாகும் மாசினால் 2020இல் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் எவரும் விறகைத் தத்துவத்துக்காகத் தெரிந்தெடுக்கவில்லை. நான் இந்தப் போறணையைக் கட்டிய 2022ஆம் வருடம் இலங்கையில் எரிவாயு கிடைக்காமல், கொழும்பில் மாடி வீடுகளில் இருந்தவர்கள்கூட விறகு தேடி அலைந்தார்கள். அதே கோடையில் நான் காசு கொடுத்து மேப்பிள் விறகு வாங்கினேன்.

கட்டாயமாக மூட்டும் நெருப்பும் விரும்பி மூட்டும் நெருப்பும் ஒன்றல்ல. விரும்பி நோன்பிருப்பவரைப் பார்த்துப் பட்டினி கிடப்பவரை அவமதிக்கிறீர் என்று நாங்கள் சொல்வதில்லை. அதுபோல, விறகில் சமைக்க வேண்டியிருந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால் மட்டும் விறகில் சமைப்பது தவறாகிவிடாது. ஆனால் நோன்பு பட்டினியைப் புகழத் தொடங்கினால் அது தவறு. 'விறகடுப்புச் சமையல் மாதிரி வருமா' என்று சொல்கிறவர்கள் யாருடைய சுவாசப்பையில் அந்த ருசி வெந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அம்மா போறணையைப் பழிக்கவுமில்லை, மெச்சவுமில்லை. முதல்நாள் கதிரையைத் தள்ளிப்போட்டு, புகை வராத பக்கமாக இருந்து பார்த்துவிட்டு விறகை எண்ணினா. "இவ்வளவு விறகிலை நான் ஒரு கிழமை சமைச்சிருப்பன், தம்பி" என்றா. அடுத்தநாள் காலை நாங்கள் எழும்ப முதல் போறணைக்குள் கையை நீட்டிப் பார்த்து, ஆட்டிறைச்சிக் கறிச்சட்டியைத் தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தா. மத்தியானம் அதை எடுத்துவிட்டு மிளகாயைப் பரப்பினா. கேட்டதற்கு, "சூடு சும்மா கிடக்கு, வீணாப் போகுது" என்றா. பீட்சா செய்வதைப் பற்றி நான் வாசித்த புத்தகங்களில் இருந்த அறிவுரைகளைவிட இது எனக்கு முக்கியமாகப் பட்டது. சூட்டை வீணாக்குவது அவவுக்குச் சிக்கனப் பிரச்சினை மட்டுமில்லை. விறகு எங்கிருந்து வந்தது, யார் சுமந்தது, யாருடைய கண் எரிந்தது என்பதை மறப்பது அது.

*

வீட்டுக்குள் சூட்டை வீணாக்காமல் இருப்பது ஒரு பாதி. வேலிக்கு அப்பால் இருப்பது மறுபாதி.

புகைக்கும் சூட்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சூட்டை மண்ணால் பிடித்துவைக்கலாம், கதவு போட்டுப் பூட்டலாம், யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கலாம். புகையை அப்படிச் செய்ய முடியாது. விறகுப் புகையில் உள்ள நுண்துகள்கள் 2.5 மைக்ரோனுக்கும் சிறியவை, தலைமுடித் தடிப்பில் முப்பதில் ஒன்றுகூட இல்லை. அவை சுவாசப்பையின் அடிவரை போகும். வேலி அவற்றுக்கு ஒரு பொருட்டில்லை. நான் மூட்டுகிற நெருப்பில் நல்ல பங்கு இயல்பாகவே எனக்கு, கெட்ட பங்கு இயல்பாகவே எல்லோருக்கும்.

இது வெறும் கற்பனைக் கவலை இல்லை. நேப்பிள்ஸுக்கு அருகே உள்ள சான் வித்தாலியானோ என்ற ஊரின் நகரபிதா 2015 டிசம்பரில், வடிகட்டி இல்லாத விறகுப் போறணைகளைக் கொஞ்சக் காலத்துக்குத் தடைசெய்தார். பீட்சாவின் தாய்மண்ணிலேயே இது நடந்தது. நியூயோர்க் நகரம் பழைய விறகு, கரிப் போறணைகள் வைத்திருக்கும் உணவகங்கள் தங்கள் துகள்களை 75 சதவீதம் குறைக்கவேண்டும் என்று கொண்டுவந்த விதி 2024இல் நடைமுறைக்கு வந்தது. 2023 ஜூனில் காட்டுத்தீப் புகை ரொறொன்ரோவை மூடியபோது இங்குள்ளவர்களுக்கும் புகை என்றால் என்ன என்று விளங்கியது.

சேறு குழைக்கத் தொடங்குமுன் நான் மூன்று பக்கத்து வீடுகளிலும் கதவைத் தட்டிக் கேட்டேன். இரண்டு வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டு, பீட்சா எப்போது என்றார்கள். மூன்றாவது வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை ஒன்று. ஆஸ்துமா, எங்கட ஊரில் தொய்வு என்போம். தாயிடம், மூட்டும்போதெல்லாம் நீங்களும் வாருங்கள், உங்களுக்கும் சேர்த்தே சுடுவோம் என்றேன். அவர் கோபப்படவில்லை. பீட்சா வேண்டாம், என்றைக்கு மூட்டுவீர்கள் என்று முதல்நாளே சொன்னால் போதும், யன்னல்களைச் சாத்திவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்காவது போவேன் என்றார்.

அந்தப் பதிலில் நான் நிறைய நாள் நின்றேன். அதுவரை என் மனதில் இருந்த தீர்வு அழகாக இருந்தது: புகை பொது என்றால் சூட்டையும் பொதுவாக்கிவிடு, கணக்கு நேர். இரண்டு வீட்டாருக்கு அது நேர்தான். வருகிறார்கள், மாவு கொண்டுவருகிறார்கள், ஒருவர் தன் விறகையும் கொண்டுவருகிறார். மூன்றாவது வீட்டுக்கு அந்தக் கணக்கு எப்படியும் நேராகாது. பீட்சா வயிற்றுக்குப் போவது, புகை சுவாசப்பைக்குப் போவது. ஒன்றைக் கொடுத்து மற்றதை ஈடுசெய்ய முடியாது. பகிர்வதை ஒரு கட்டணமாக நான் நினைத்தால், பிரெஞ்சு நிலப்பிரபுவின் கணக்கைத் தலைகீழாகச் செய்கிறேன், அவ்வளவுதான். அவன் காசை வாங்கிக்கொண்டு சூட்டைத் திணித்தான். நான் பாணைக் கொடுத்துப் புகையைத் திணிப்பேன்.

வீதியில் போகும் லொறிகள் விடாத புகையா, ஊரெல்லாம் இறைச்சி வாட்டவில்லையா, இந்த ஒரு போறணையால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். உலகக் காற்றின் கணக்கில் அவர் சொல்வது சரி. ஆனால் அந்தப் பிள்ளை உலகக் காற்றைச் சுவாசிக்கவில்லை. என் வேலிக்கு அந்தப் பக்கத்துக் காற்றைச் சுவாசிக்கிறது.

ஆகவே என்னிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கடமைகள். ஒன்று மற்றதைத் தள்ளுபடி செய்யாது. சூடு மிஞ்சுவதால் அதைப் பகிரவேண்டும், இது முதலாவது. புகை போகும் இடத்தில் இருப்பவருக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு, என் சேறும் உழைப்பும் அந்த உரிமையைக் குறைக்காது, இது இரண்டாவது. முதலாவதைச் செய்வது மகிழ்ச்சி. ஊரும் மெச்சும். இரண்டாவதைச் செய்வதில் ஒரு சுகமும் இல்லை, போறணை குளிர்ந்துபோய்க் கிடக்கும், அவ்வளவுதான்.

அரிஸ்டாட்டில் விலங்குகளைப் பற்றிய தன் நூலொன்றில் ஹெராக்கிளிட்டஸைக் குறித்து ஒரு சம்பவம் சொல்கிறார். அவரைக் காண வந்தவர்கள் அவர் அடுப்படியில் குளிர்காய்வதைக் கண்டு தயங்கி நின்றார்களாம். வாருங்கள், இங்கேயும் தெய்வங்கள் உண்டு என்ற பொருள்பட அவர் அழைத்தாராம். விறகு நெருப்பை நேசிப்பவர்களுக்குப் பிடித்த கதை. எனக்கும் பிடிக்கும். அந்தக் கதையில் வாசலில் நின்றவர்களுக்கு உள்ளே வரவும் முடியும், திரும்பிப் போகவும் முடியும். அழைப்புக்கு மதிப்பு வருவதே அதனால்தான்.

இப்போது நடைமுறை இதுதான். இருபது சதவீதத்துக்குக் குறைவான ஈரமுள்ள விறகு மட்டும். காற்று அந்த வீட்டுப் பக்கம் வீசினால் நெருப்பில்லை. காற்றுத்தர எச்சரிக்கை வந்த நாளில் நெருப்பில்லை. பிள்ளைக்குச் சுகமில்லை என்றால், மாவு பிசைந்து வைத்திருந்தாலும் அதை வீட்டுக்குள் மின்னடுப்பில்தான் சுடுவது. வாராவாரம் மூட்டலாம் என்று நினைத்துக் கட்டிய போறணை போன கோடை முழுவதும் ஆறு தடவைதான் எரிந்தது. அந்தக் குடும்பம் ஊரில் இல்லாத நாட்கள் அவற்றில் நாலு. எரிந்த ஆறு தடவையும் வேறு இரண்டு வீட்டாரும் வந்தார்கள். அம்மா அடுத்த நாள் சட்டி வைத்தா, அதற்கடுத்த நாள் மிளகாய் காயப்போட்டா. சூடு வீணாகவில்லை.

மூன்றாவது வீட்டுத் தாய் வேலிக்கு மேலால் கதைப்பார், பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றி, பனியைப் பற்றி. போறணையில் சுட்டதை அவர் இதுவரை ஒருநாளும் சாப்பிட்டதில்லை. சாப்பிட வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.